பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுதல்: டெக்கிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள அம்மாவின் வீட்டு அலமாரியிலிருந்து 14 வி.எச்.எஸ். கேசட்டுகளும், உள்ளங்கையில் அடங்கும் 6 ஹை-8 கேசட்டுகளும், 3 மினி டி.வி. (MiniDV) கேசட்டுகளும் கிடைத்திருக்கின்றன. 1988-இல் நடந்த பெற்றோரின் திருமணமும், இப்போது தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறிவிட்ட தோட்டத்தின் மாரியம்மன் கோவில் திருவிழாவும் அவற்றில் இருக்கின்றன. எல்லாவற்றையும் டி.வி.டி.யில் போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். அப்படிக் கொடுத்துவிடலாமா, அல்லது நாற்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. கருவி ஒன்றை வாங்கி நீங்களே செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்களே செய்யலாம். பொறுமை இருந்தால் பல கடைகளைவிட நன்றாகவே செய்யலாம். ஆனால், பெரும்பாலோர் செய்வதுபோல் அந்த யூ.எஸ்.பி. கருவியிலிருந்து தொடங்காதீர்கள். கணினியில் வந்து சேரும் படம் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நாடாவின் நிலையும் அதை ஓட்டும் டெக்கும்தான். கணினியும் கருவியும் அதற்குப் பிறகே வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுப் பழமையான நாடா இன்னும் எத்தனை முறை சீராக ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல இயலாது. எனவே, அது நன்றாக ஓடக்கூடிய ஒரு முறையிலேயே முழுத் தரத்துடன் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு எல்லா ஆயத்தங்களையும் செய்யுங்கள். நான் 1990-களில் ஜார்ஜ் டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் உதவியாளராக இருந்தேன்; அண்மைய ஆண்டுகளில் உறவினர் வீட்டுக் கேசட்டுகளையும் எங்கள் வட்டாரத்துக் கோவில் கேசட்டுகளையும் மாற்றிக் கொடுத்து வருகிறேன். கீழே சொல்பவை பெரும்பாலும் அந்த அனுபவத்தில் கற்றவை.

முதலில் எல்லாக் கேசட்டுகளையும் மேசைமீது பரப்பி, ஒவ்வொன்றின் முதுகுப் பக்கத்து இடது ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டைப் பாருங்கள். அது உடைக்கப்படாமல் இருந்தால், தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தும் யாரும் அந்தத் திருமணத்தின்மேல் வேறொன்றைப் பதிவு செய்துவிட முடியும். ஒரு ஸ்குரூ டிரைவரால் நெம்பி அதை உடைத்துவிடுங்கள். ஹை-8, மினி டி.வி. கேசட்டுகளில் உடைக்க வேண்டியதில்லை. நகர்த்தும் தகடு இருக்கும், அதைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளினால் போதும். வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. நம் நாட்டில் வீடியோ நாடாவுக்கு முதல் எதிரி இதுதான், ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளில் இருப்போர் எழுதும் குறிப்புகளில் இதற்கு ஓரிரு வரிகளே இருக்கும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், மூடிய அலமாரியில் இருபது முப்பது ஆண்டுகள் கிடந்த கேசட்டில் பூஞ்சை இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல நாடாச் சுருள் மெருகேற்றிய கருங்கல்லைப்போல ஒரே கறுப்பாகப் பளபளக்கும். பூஞ்சை பிடித்ததில், சுருளின் விளிம்பில் திருநீற்றைத் தூவியதுபோல வெண்மையாக, சில இடங்களில் சிலந்தி வலையின் இழைபோலப் படர்ந்திருக்கும். பிறகு, கேசட்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கினால் நாடாவின் ஒரு பகுதி வெளியே தெரியும். அதில் சுருக்கமோ மடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள், விரலால் தொடாதீர்கள்.

வெள்ளை தெரிந்த எதையும் எந்தச் சூழ்நிலையிலும் உங்கள் நல்ல டெக்கில் போடாதீர்கள். நான் ஒருமுறை, "சின்னதாகத்தானே இருக்கிறது" என்று எண்ணி அப்படிப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடத்தில் படம் முழுக்க வெள்ளைப் பொறிகளாகி மறைந்தது. அதைவிட மோசம், அதை எடுத்துவிட்டு அடுத்துப் போட்ட, பூஞ்சையே இல்லாத, என் மாமா மகளின் காதணி விழாக் கேசட்டிலும் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு, அதன் முதல் பத்து நிமிடம் கெட்டுப்போனது. டெக்கின் உள்ளே நாடா செல்லும் ஒவ்வோர் உருளையிலும் பூஞ்சைத் தூள் தங்கி, அடுத்தடுத்த கேசட்டுகளுக்குத் தொற்றுகிறது.

இலேசாகப் பூத்திருக்கும் கேசட்டுகளை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். புகைப்படக் கருவி வைக்கும் ஈரம் நீக்கும் அலமாரி யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. உலர்ந்ததும் பூஞ்சை வளர்வது நின்று, ஒட்டாத தூளாக மாறிவிடும். அதன் பிறகு, முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில், வேறு எதற்கும் பயன்படுத்தப் போகாத ஒரு மலிவான டெக்கில், மூடியைக் கழற்றிவிட்டு, நாடா செல்லும் வழியில் நார் உதிராத மென்துணியை மிக இலேசாக ஒட்டவைத்து, முன்னும் பின்னுமாக ஒருமுறை முழுவதும் சுற்ற வேண்டும். துணியை ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சுவாசக் கோளாறு உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். சுருள் முழுவதும் வெள்ளையாகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அதைச் சுற்ற முயலாதீர்கள், கிழிந்துவிடும். அத்தகையதை மட்டும் பூஞ்சை நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைப்பதும், ஓவன் அடுப்பில் சூடு காட்டுவதும் வேண்டவே வேண்டாம். ஒருவகை ஒலி நாடாக்களுக்கு ஆய்வகங்களில் கட்டுப்படுத்திய வெப்பத்தில் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு, வீட்டு வி.எச்.எஸ். கேசட்டுக்கு அது பொருந்தாது.

இனி டெக். உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே, இப்போது கிடைப்பவை எல்லாமே பயன்படுத்தியவைதான். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும், பினாங்கில் லோரோங் கூலிட் சந்தையிலும், கரோசல் போன்ற இணையத் தளங்களிலும் தேடலாம். வாங்குவதற்கு முன் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவருடைய ஸ்டோர் ரூமில் நல்ல பானசோனிக்கோ ஜே.வி.சி.யோ துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். எஸ்-வி.எச்.எஸ். வகை டெக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வி.எச்.எஸ். நாடாவில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. சாதாரண டெக்கிலிருந்து படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் வயர் அவற்றை ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது, கணினிப் பக்கத்துக் கருவி மறுபடியும் பிரிக்கப் பார்க்கிறது, அந்தக் கலப்பிலும் பிரிப்பிலும் புடவைக் கரைகளில் நிறப்புள்ளிகள் ஊர்கின்றன. எஸ்-வி.எச்.எஸ். டெக்கில் செருகக்கூடிய எஸ்-வீடியோ வயர் இரண்டையும் பிரித்தே கொண்டுவருவதால் அந்தக் குறை வருவதில்லை.

புதிதாக வந்த டெக்கில் முதலில் திருமணக் கேசட்டைப் போடக்கூடாது. போனாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய பழைய சினிமாக் கேசட் ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பின்னர் வெளியே எடுத்து, முன்மூடியைத் தூக்கி, நாடாவின் மேல், கீழ் விளிம்புகள் நெளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நெளிந்திருந்தால் அந்த டெக்கின் ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். அதில் உங்கள் கேசட்டைப் போட்டால் ஒலித் தடம் மேல் விளிம்பிலும், ஓட்டத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுத் தடம் கீழ் விளிம்பிலும் இருப்பதால் இரண்டும் ஒன்றாகக் கெடும்.

ஹெட்டைச் சுத்தம் செய்வதைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து கேசட்டுக்கு ஒருமுறையாவது தேவைப்படும். மின்சாரத்தைத் துண்டித்து மேல்மூடியைக் கழற்றினால், சற்றே சாய்ந்து நிற்கும் வெள்ளி நிற உருளை ஒன்று தெரியும். பட ஓட்டத்தின்போது அது நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதன் விளிம்பில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில், கடுகைவிடச் சிறிய துண்டுகள் பதிந்திருக்கும். அவைதாம் நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் வீடியோ ஹெட்கள். மெல்லிய தோல்துணியை 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் ஒரு விரலால் அசையாமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உருளையின் மேல்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். துணி அசையக்கூடாது, உருளைதான் சுழல வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சி இங்கே கூடாது. அதன் ஓர் இழை ஹெட்டில் சிக்கினாலே போதும், டெக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒலி ஹெட்டுக்கும், இரும்புத் தண்டுக்கும் அந்தக் குச்சி போதும். ரப்பர் உருளையைத் தண்ணீரில் இலேசாக நனைத்த துணியால் துடையுங்கள். எல்லாம் உலர்வதற்குப் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

குளிர்சாதன அறையில் வைத்திருந்த கேசட்டையோ கேமராவையோ வெளியே எடுத்த கையோடு ஓட்டாதீர்கள். நம் காற்றில் உள்ள ஈரம் உடனே அதன்மேல் படியும். ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். இரண்டு மணி நேரம் அறையின் வெப்பத்துக்குப் பழகவிடுங்கள்.

பூஞ்சை இல்லாத, சோதித்த டெக்கில் போடப்போகும் ஒவ்வொரு கேசட்டையும் முதலில் கடைசி வரை முன்னோக்கிச் சுற்றி, பிறகு தொடக்கத்துக்குத் திருப்புங்கள். பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சீராகும். படத்தில் கீழிருந்து மேலாகக் கோடுகள் ஊர்ந்தால் டிராக்கிங் பொத்தானைப் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். படத்தின் அடியில் நாலைந்து வரிகள் எப்போதும் குழம்பியிருக்கும். அது ஒரு ஹெட்டிலிருந்து மற்றொரு ஹெட்டுக்கு மாறும் இடம், குறையன்று.

அடுத்து, கணினிக்குள் கொண்டுவரும் கருவி. நீங்கள் குறிப்பிடும் நாற்பது ரிங்கிட் கருவிகளில் ஒரே உறைக்குள் வெவ்வேறு சில்லுகள் இருக்கின்றன. சிலது சுமாராக உழைக்கும், பலது வெளிச்சமான இடங்களை வெளிறச் செய்துவிடும், ஒலியை விட்டுவிட்டுத் தரும். ஐ-ஓ டேட்டா நிறுவனத்தின் ஜி.வி.-யூ.எஸ்.பி.2, ஹாப்பாக் நிறுவனத்தின் யூ.எஸ்.பி. லைவ்-2 ஆகிய இரண்டும் இந்த வேலையில் நெடுநாளாக நம்பப்படுபவை. எஸ்-வீடியோத் துளையும் அவற்றில் உண்டு. கிடைத்தால் இவற்றுள் ஒன்றை வாங்குங்கள். ஹெச்.டி.எம்.ஐ. மாற்றுப் பெட்டி வழியாகப் பிடிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மலிவான பெட்டிகள் படத்தை அகலத்துக்கு இழுத்து, இடைவரிகளை (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த படவரிகளை) அவற்றின் போக்கில் கலைத்துவிடுவதால், நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

டெக்குக்கும் கருவிக்கும் இடையில் இன்னொன்று இருந்தால் படம் வெகுவாக மேம்படும். பழைய நாடா ஒரே வேகத்தில் வருவதில்லை. ஒவ்வொரு வரியும் சற்று முன்னும் பின்னுமாகத் தொடங்குவதால், கோவில் கோபுரத்தின் நேர்கோடும் கதவு நிலையும் அலைபோல நெளியும், மேற்பகுதி ஒரு பக்கமாக வளையும். இந்த நேரப் பிழையைத் திருத்தும் கருவிகள் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்தவை, விலையும் மிக அதிகம். ஆனால், பானசோனிக்கின் டி.எம்.ஆர்.-ஈ.எஸ்.10, ஈ.எஸ்.15 ஆகிய பழைய டி.வி.டி. ரெக்கார்டர்கள், எதையும் பதிவு செய்யாமலேயே தம் வழியாகச் செல்லும் சமிக்ஞையை இந்த வகையில் நேராக்கிவிடுகின்றன. யாரும் சீண்டாத அந்தப் பெட்டி உங்கள் கண்ணில் பட்டால் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் அமைப்புகள் இப்படி இருக்க வேண்டும். மலேசியத் தொலைக்காட்சி 1978-இல் வண்ணத்துக்கு மாறியபோது ஏற்றது பி.ஏ.எல். முறை. ஆகவே இங்கே எடுத்த கேசட்டுகளுக்குப் படத்தின் அளவு 720க்கு 576, நொடிக்கு 25 படங்கள் என்று வையுங்கள். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கிய கேமராவில் உறவினர் எடுத்தது என்றால் அது என்.டி.எஸ்.சி. முறையாக இருக்கும், அதற்கு 720க்கு 480. ஒலியை 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். விர்ச்சுவல்டப்-2 என்ற இலவச மென்பொருளில், ஹஃப்ஒய்யூவி அல்லது லகரித் என்ற இழப்பற்ற சுருக்க முறையில் பிடியுங்கள். அந்தக் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 40 ஜி.பி. வரை பெரிதாக வரும். உங்கள் 14 கேசட்டும் இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் 840 முதல் 1,120 ஜி.பி. வரை ஆகும், ஆகவே இரண்டு டெராபைட் வன்வட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வன்வட்டு விலையில் அது பெரிய சுமையன்று. நேரடியாகச் சுருக்கிய கோப்பாகப் பிடித்தால் இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுருக்கும் முறை நாடாவின் இரைச்சலைத் தாங்காமல் முகங்களைக் கட்டங்களாக்கிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்ப முடியாது.

பதிவு நடக்கும்போது திரையில் தவறிய படங்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். அது பூச்சியத்தில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால், ஒரு மணி நேரக் கேசட்டின் இறுதியில் ஐயர் வாயசைத்து ஒரு நொடி கழித்து மந்திரம் கேட்கும். பெரும்பாலும் காரணம் நாடாவின் தடுமாற்றமோ, வேறு வேலையில் இருக்கும் கணினியோதான். வைஃபையை அணைத்து, திரை உறங்காதபடி அமைத்து, கருவியை யூ.எஸ்.பி. இணைப்புப் பெட்டியில் செருகாமல் நேரே கணினியிலேயே செருகி, கணினியின் உள் எஸ்.எஸ்.டி.யில் பதிவு செய்யுங்கள். அருகிலிருந்து முழுவதும் பாருங்கள். உட்கார நேரமில்லாத நாளில் கேசட்டைத் தொடாதீர்கள். நாடா சிக்கிய நொடியில் நிறுத்தப் பொத்தானை அழுத்த ஆள் வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதைப் பலர் கவனிப்பதில்லை. வி.எச்.எஸ். நாடாவில் இருவகை ஒலித் தடங்கள் இருக்கக்கூடும். ஒன்று விளிம்பில் நீளவாட்டில் ஓடுவது. எல்லா டெக்கிலும் கேட்கும். நாடா நொடிக்கு 2.34 செ.மீ. மட்டுமே நகர்கிறது, அதாவது பாட்டுக் கேசட்டின் வேகத்தில் பாதிகூட இல்லை, ஆகவே இந்த ஒலி மங்கலாக இருக்கும். மற்றொன்று ஹைஃபை, சுழலும் உருளை படத்துக்கு அடியிலேயே பதித்த தெளிவான ஒலி. அந்நாளில் திருமண வீடியோவில் பின்னணிப் பாட்டு சேர்க்க, சில டெக்குகளில் இருந்த ஒலிச் சேர்ப்பு வசதியைப் பயன்படுத்துவோம். அந்த வசதி விளிம்புத் தடத்தை மட்டுமே அழித்து எழுதும். ஹைஃபை தடத்தைப் படத்தை அழிக்காமல் மாற்ற முடியாது. ஆகவே, பாட்டு மட்டுமே கேட்கும் கேசட்டாக இருந்தாலும், ஹைஃபை டெக்கில் போட்டு ஒலித் தேர்வுப் பொத்தானை மாற்றிக் கேளுங்கள். பதிந்த கருவியே ஹைஃபையாக இருந்து, அதே மூல நாடாவில் பாட்டு சேர்த்திருந்தால், மண்டபத்தின் உண்மையான ஒலி உள்ளே அப்படியே இருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த கேசட்டில் தாலி கட்டும் நேரம் முழுவதும் சினிமாப் பாட்டு ஓடியது. பொத்தானை மாற்றியதும் பாட்டு மறைந்து, கெட்டிமேளம் எழுந்தது. அதற்குள், "அட்சதை எல்லாருக்கும் போச்சா, அந்தக் கடைசி வரிசைக்குக் கொடும்மா" என்று ஒரு வயதான பெண்மணியின் குரல் கேட்டது. அது தம் அப்பத்தாவின் குரல் என்று சொல்லி, அவர் அந்த இடத்தை ஐந்தாறு முறை திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பத்தா காலமாகி அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹைஃபை தடம் பழைய நாடாவில் சில இடங்களில் உறுமும். அப்படியானால் அந்தக் கேசட்டை இருமுறை, ஒவ்வொரு தடத்துக்கும் ஒருமுறை பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிடித்த மூலக் கோப்பை அப்படியே பாதுகாத்துவிட்டு, குடும்பத்தார் பார்ப்பதற்கென ஒரு பிரதியைத் தனியாக உருவாக்குங்கள். அந்தக் காலத்துப் படம் ஒரு முறை ஒற்றை வரிகளும் மறுமுறை இரட்டை வரிகளுமாக, நொடிக்கு 50 முறை பதிந்தது. இதைக் கணினித் திரைக்கு ஏற்றபடி முழுப் படங்களாக்கும்போது நொடிக்கு 25 என்று விடாமல் 50 படங்களாக மாற்றினால், காவடியாட்டத்தின் அசைவு அன்று தொலைக்காட்சியில் பார்த்ததுபோலவே வழுக்கிச் செல்லும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் இதற்கு 'பாப்' என்ற தெரிவு இருக்கிறது. படத்தின் அகல உயர விகிதம் 4க்கு 3 என்றே இருக்கட்டும். இன்றைய திரையை நிரப்புவதற்காக இழுத்து அகலமாக்கிய திருமண வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மணப்பெண்ணின் முகம் அப்படி இருந்ததே இல்லை. செயற்கை நுண்ணறிவால் நாலாயிரம் புள்ளித் தரத்துக்கு உயர்த்தித் தருகிறோம் என்பவர்களிடமும் பணம் கொடுக்காதீர்கள். இருப்பது 576 வரிகள். இல்லாததை மென்பொருள் ஊகித்து வரையும்போது தாத்தாவின் முகத்தில் வேறு யாரோ ஒருவருடைய கண் வந்து உட்காரும்.

ஹை-8 கேசட்டுகளை வி.எச்.எஸ். டெக்கில் போடுவதற்கு அடாப்டர் இருப்பதாகச் சொல்வார்கள். அப்படி ஒன்று கிடையாது, வி.எச்.எஸ்.-சி என்ற வேறொரு சிறு கேசட்டுக்குத்தான் அது உண்டு. ஹை-8 கேசட்டுக்கு அதை ஓட்டக்கூடிய கேமராவோ டெக்கோதான் வேண்டும். 1999-இல் சோனி வெளியிட்ட டிஜிட்டல்-8 கேமராக்களில் பல, பழைய ஹை-8 நாடாவையும் ஓட்டி, உள்ளேயே டிஜிட்டலாக்கி ஃபயர்வயர் என்ற பழைய கணினி இணைப்பு வழியாகக் கொடுக்கும். வாங்குமுன் அந்த மாதிரியில் இவ்வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். மினி டி.வி.யைப் பொறுத்தவரை, அந்தப் பெயரில் உள்ள டி.வி. தொலைக்காட்சியைக் குறிப்பதன்று, நாடாவிலேயே படம் டிஜிட்டலாகத்தான் இருக்கிறது. மஞ்சள் வயரில் பிடித்தால் அதை வீணாகக் கெடுப்பதாகும். ஃபயர்வயர் அட்டை பொருத்திய பழைய மேசைக் கணினி ஒன்றில், வின்டிவி என்ற சிறு மென்பொருளைக் கொண்டு அப்படியே நகலெடுங்கள். மணிக்கு 13 ஜி.பி. வரும், ஒரு துளி இழப்பும் இராது. உங்களுடைய மூன்று கேசட்டுகளும் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

கடைக்குக் கொடுப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். வி.எச்.எஸ்.ஸில் பூஞ்சை முற்றியவற்றையும், கேமரா கிடைக்காவிட்டால் ஹை-8 கேசட்டுகளையும் கொடுக்கலாம். டி.வி.டி. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் இருப்பது 4.7 ஜி.பி. மட்டுமே, இரண்டு மணி நேரத் திருமணத்தை அதற்குள் அடைக்கப் பெரிதும் சுருக்க வேண்டும், வீட்டில் எழுதிய வட்டுகளும் நம் வெப்பத்தில் சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமல் போகக்கூடும். இழப்பற்ற கோப்பாகவோ, குறைந்தது இடைவரி கலையாத டி.வி. வகைக் கோப்பாகவோ வன்வட்டில் கொடுப்பார்களா, வேலை அங்கேயே நடக்கிறதா அல்லது வெளியே அனுப்புகிறார்களா, பூஞ்சைக் கேசட்டுக்குத் தனி டெக் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் கேசட்டைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். எண்ணி எழுதிக் கையொப்பம் வாங்காமல் கொடுக்கவும் வேண்டாம். என் பெரியம்மா வீட்டில் ஐந்து கேசட்டுகளைக் கடையொன்றில் கொடுத்துவிட்டு நான்கு வட்டுகளைத்தான் திரும்பப் பெற்றார்கள். "மாற்றியாகிவிட்டதே" என்று மூலக் கேசட்டுகளை எறிந்துவிட்டதாகக் கடைக்காரர்கள் பின்னர் சொன்னார்கள். ஐந்தாவது கேசட்டில் இருந்தது பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம். மாற்றிய பிறகும் மூலக் கேசட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் மூலச் சமிக்ஞையையே பிடித்துக் கணினியில் படமாக்கும் புதிய முறைகள் வளர்ந்து வருகின்றன. பின்னொரு நாள் இதைவிட நன்றாக எடுக்க வாய்ப்பு இருக்கிறது. சிலிக்கா ஜெல் உள்ள பெட்டியில், புத்தகத்தைப்போல நிறுத்திவைத்துப் பாதுகாக்கலாம்.

கோப்புகள் மூன்று இடங்களில் இருக்கட்டும், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் வந்தபோது, கீழ்த்தளத்து அலமாரியில் இருந்த ஆல்பங்களும் கேசட்டுகளும் கணினிகளும் ஒன்றாக நனைந்தன. உங்கள் அக்காள் ஈப்போவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வன்வட்டு அங்கே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதி என்று எண்ண வேண்டாம், வழக்கம்போல வீடியோவாக அனுப்பினால் அது வெகுவாகச் சுருக்கித்தான் அனுப்பும்.

தோட்டத்துத் திருவிழாக் கேசட்டை முதலில் எடுத்துக்கொள்ள நினைப்பீர்கள். வேண்டாம், குறைந்த மதிப்புள்ள இரண்டு கேசட்டில் கை பழகிய பிறகு மூன்றாவதாக அதை எடுங்கள், திருமணத்தை நான்காவதாக எடுங்கள். அந்த இரண்டையும் ஓட்டும் நாளில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிடுங்கள். தீச்சட்டி எடுத்து வருபவர் யார், லயத்து வாசலில் நிற்கும் கங்காணி யார், பந்தலில் வெற்றிலைத் தட்டோடு நடக்கும் அந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று அவர் சொல்லச் சொல்ல, திரையில் ஓடும் நேரத்தையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள். அந்த ஒலிப்பதிவை வீடியோக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில், அதே பெயரில் சேமித்துவிடுங்கள்.